கருமருது நிலைக்கு ஒட்டுப்போட்ட கதை

மார்கழி முழுக்க அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்திருந்தார். தை பிறந்து ரெண்டு நாள் கழித்து, மாப்புக் கட்டையின் முனை நிலைக்கால் அடியில் இடித்தது. ‘டக்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘பொத்’ என்று கேட்டது. குனிந்து கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. ஊறின அவல் மாதிரி கையோடு வந்தது மரம்.

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பொள்ளாச்சி பஸ் போகும் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது வீடு. தாத்தா 1938ல் கட்டியது. முன்வாசல் நிலை கருமருது. கேரளத்து மரக்கடையில் தேம்பாவு என்பார்கள், கரிமருது என்றும் சொல்வார்கள். இந்த மரம் பறம்பிக்குளத்திலிருந்து டிராம்வேயில் வந்தது என்று எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. நான் அதை நம்புவதில்லை. அந்த டிராம்வே 1907ல் தொடங்கி 1963 வரை ஓடியது உண்மைதான். ஆனால் அது பறம்பிக்குளத்திலிருந்து மேற்கே சாலக்குடிக்கு மரம் இறக்கிய பாதை. எங்கள் பக்கம் வந்திருந்தால் மாட்டு வண்டியில்தான் வந்திருக்கும்.

வலதுகால் மட்டும்தான் கெட்டிருந்தது. தரையிலிருந்து 28 செ.மீ. உயரம் வரை ஸ்க்ரூடிரைவர் இறங்கியது, அதற்கு மேல் ஏறவில்லை. மேலே 86 வருஷத்து மரம் இரும்பு மாதிரி இருக்கிறது, கீழே ஒரு சாண் மட்டும் அவல். காரணம் தேட ரொம்ப நேரம் ஆகவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் திண்ணையில் டைல்ஸ் போட்டோம். அப்போது தரை ரெண்டு அங்குலம் உயர்ந்தது. அதுவரை கல்லின் மேல் நின்றிருந்த நிலைக்கால் சிமெண்டுக்குள் புதைந்தது. தெளிக்கிற தண்ணீர் சரிவில் அந்த மூலைக்குத்தான் ஓடிவருகிறது. சிமெண்டுக்கும் மரத்துக்கும் நடுவில் நூல் அளவு இடைவெளி. தண்ணீர் அதில் இறங்கும், வெளியே வர வழி கிடையாது. கரையானும் வந்திருந்தது, ஆனால் அது பிறகு வந்த விருந்தாளி. கருமருதைக் கரையான் தொடாது என்பது பேச்சு. காய்ந்த உள்மர வைரத்தை அவ்வளவு சீக்கிரம் தொடாது, சரி. நனைந்து இளகினதை எதற்கு விடும்?

அம்மாவுக்கு நிலையைப் பெயர்ப்பதில் விருப்பமே இல்லை. “தாத்தா வெச்ச நிலைடா, புதுசா கான்கிரீட்டுல ஒண்ணக் கொண்டுவந்து நிறுத்தாதே” என்றார். எனக்கும் அந்த எண்ணம் இல்லை. கெட்டதை அறுத்துவிட்டு அதே மரத்தில் ஒட்டுப் போடலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம், மிஞ்சிப் போனால் ரெண்டு வாரம் என்பது என் கணக்கு.

முதல் தப்பு மரம் வாங்கினதில். மில்லில் புதிதாக அறுத்த கருமருதுத் துண்டு ஒன்று கிடைத்தது. பில், பாஸ் எல்லாம் சரியாக இருந்தது. (எல்லைப் பக்கம் இருக்கிறவர்கள் இதில் கவனம், ஒரு துண்டு மரமானாலும் தாள் இல்லாமல் செக்போஸ்ட் தாண்ட வேண்டாம்.) அறுத்த முகத்தில் பழுப்பும் கறுப்பும் வரிவரியாக ஓடியதைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன். கையில் தூக்கியபோது சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பு ஈரம் என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. கொண்டுவந்து கிழக்குத் திண்ணையில் சாய்த்து வைத்தேன்.

பாலக்காட்டுக் கணவாய் தெரிந்தவர்களுக்குத் தை மாதக் காற்றையும் தெரியும். கிழக்கேயிருந்து வரும் வறட்டுக் காற்று, உதட்டை வெடிக்க வைக்கும், பனையோலையை ராத்திரி பூராவும் சடசடக்க வைக்கும். ஒன்பதாம் நாள் பார்க்கிறேன், துண்டின் ரெண்டு முனையிலிருந்தும் வெடிப்பு கிளம்பி ஒன்று 20 செ.மீ. வரை ஓடியிருக்கிறது. பத்து ரூபாய்க் காசு நிற்கும் அகலம். இந்த மரத்தின் குணமே அதுதான். மேல்தோல் சீக்கிரம் காயும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். வெளியே சுருங்கப் பார்க்கும், உள்ளே விடாது, கடைசியில் பிளந்துகொள்ளும். முனைகளில் மெழுகோ பெயிண்டோ பூசி, காற்றுப் படாத நிழலில், இடையில் குச்சி வைத்து அடுக்கி மாசக்கணக்கில் காயவிட வேண்டும். எனக்கு அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் தேக்கு மட்டும்தான்.

அப்புறம்தான் பெரியாசாரியைத் தேடிப் போனேன். எழுபது தாண்டியவர், இப்போது வேலைக்குப் போவதில்லை. தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் எடுப்பதால் அவருக்கு நான் ‘மாஷ்’. வெடித்த துண்டைப் பார்த்தார், சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை.

“இதை அடுப்புக்கு வெச்சுக்குங்க மாஷே. பொளிச்ச வீட்டுச் சாமான் பாருங்க. காஞ்சு முடிஞ்ச மரமா இருந்தா உங்ககூட சண்டைக்கு வராது.”

“எவ்வளவு நீளம் வேணுங்க ஐயா?”

“அழுகினது எவ்வளவு?”

“28 செ.மீ.”

“அத விடுங்க. விரல்ல சொல்லுங்க.”

இங்கே ஒரு விஷயம். நிலைக்காலை நான் டேப் வைத்து அளந்தபோது அகலம் 4¾ அங்குலத்துக்கு மயிரிழை குறைவு, கனம் 3½ அங்குலத்துக்கு மயிரிழை கூடுதல். கைவேலை, ஒழுங்கில்லாமல் இழைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர் தன் கோலை எடுத்து வைத்தார். கச்சிதமாக நாலு விரல், மூணு விரல். கேரளத் தச்சுக்கோலில் 24 விரல் ஒரு கோல், அதாவது 72 செ.மீ.; ஒரு விரல் 3 செ.மீ. அப்படியென்றால் நிலைக்கால் 12க்கு 9. ஒழுங்கில்லாமல் இருந்தது என் டேப்தான்.

பொளிச்ச சாமான், அதாவது இடித்த வீட்டு மரம், கிடைக்க ஒன்றரை மாதம் ஆனது. வேலந்தாவளம் பக்கம் ஒரு பழைய வீடு இடித்த இடத்தில் விட்டத்துண்டு ஒன்று, கரி படிந்து ஆணி ஓட்டைகளோடு கிடந்தது. ஓரத்தை உளியால் சீவிப் பார்த்தேன், உள்ளே அதே பழுப்பு, அதே கறுப்பு வரி. 12க்கு 9 அளவில் இழைத்து 65 செ.மீ. நீளத்தில் அறுத்து மளிகைக்கடைத் தராசில் வைத்தேன். 6 கிலோ 150. கன மீட்டருக்கு 855 கிலோ என்பது கருமருதுக்குச் சராசரிக் கணக்கு, என் துண்டு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அதே அளவுத் தேக்குத்துண்டு நாலரைக் கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். கடினத்தில் வித்தியாசம் இன்னும் அதிகம். ஒரு இரும்புக் குண்டை மரத்தில் பாதி அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்று அளக்கும் ஜாங்கா சோதனையில் தேக்கு 1070 பவுண்டு, கருமருது 2330.

அந்த எண்ணின் அர்த்தம் என் உளியில் தெரிந்தது. தேக்குக்காக 25 டிகிரியில் சாணை பிடித்த உளி, நாலாவது தட்டில் வாய் பொடிந்தது. கையால் தடவினால் முனையில் பல் பல்லாகத் தட்டுப்பட்டது. 33 டிகிரிக்குக் கொண்டுபோனேன், நின்றது. ஒரு இடத்தில் மட்டும் உளி ‘கிறீச்’ என்று கத்தியது. சீவிப் பார்த்தால் மரத்துக்குள் அரிசி அளவில் வெள்ளைப் பொட்டு. நகத்தால் சுரண்டினேன், பல்பத்தூள் மாதிரி உதிர்ந்தது. சுண்ணாம்பு! இந்த மரம் மண்ணிலிருந்து சுண்ணாம்பை இழுத்துச் சேர்த்து வைக்கும். பட்டையைச் சுட்ட சாம்பலைச் சுண்ணாம்புக்குப் பதிலாக வெற்றிலையோடு போட்டுக்கொள்ளும் பழக்கமும் உண்டு. வகுப்பில் கால்சியம் கார்பனேட் எடுக்கும்போது காட்டலாம் என்று அந்தத் தூளில் வினிகர் ஒரு சொட்டு விட்டேன். நுரைத்தது.

மரம் தேடிக்கொண்டிருந்த அந்த 2024 மார்ச்சில்தான் ஒரு செய்தி வந்தது. ஆந்திராவில் பாப்பிகொண்டலு தேசியப் பூங்காவில் வனத்துறையினர் ஒரு மரத்தின் பட்டையை வெட்டியதும் குழாய் திறந்த மாதிரி தண்ணீர் பீறிட்ட வீடியோ. வாட்ஸ்அப்பில் எனக்கு மட்டும் ஆறு பேர் அனுப்பினார்கள். அதுவும் இதே கருமருதுதான். தெலுங்கில் நல்லமத்தி, அங்கே ‘நல்ல’ என்றால் கறுப்பு. கோடையில் சில மரங்கள் தண்டுக்குள் தண்ணீர் சேர்த்து வைக்கும், அந்த மலையில் இருக்கிற பழங்குடியினருக்கு அது முன்பே தெரிந்த சங்கதி. எல்லா மரத்திலும் இருக்காது, அதனால் யாரும் கத்தியோடு காட்டுக்குக் கிளம்பிவிட வேண்டாம். எனக்கு அந்த வீடியோவைப் பார்த்ததும் திண்ணையில் வெடித்துக் கிடந்த துண்டுதான் ஞாபகம் வந்தது. இவ்வளவு தண்ணீர் குடிக்கிற மரத்தை ஒன்பது நாளில் காயவைக்கப் பார்த்திருக்கிறேன்.

மரத்தை நின்ற நிலையில் பார்த்தவர்கள் பட்டையை மறக்க மாட்டார்கள். கருஞ்சாம்பல் நிறம். நெடுக்கும் குறுக்குமாக ஆழமாகப் பிளந்து, நீள்சதுரக் கட்டங்களாக நிற்கும். அசல் முதலை முதுகு. பறம்பிக்குளத்தில் மழை விட்ட நேரத்தில் ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகக் கறுத்து மின்னியது. இந்தத் தடித்த பட்டைதான் காட்டுத்தீயில் மரத்தைக் காப்பாற்றுகிறது. இலை வைத்து அடையாளம் தெரியாதவர்கள் அடியைப் பார்க்கலாம்: இலையின் பின்பக்கம், காம்பு சேருமிடத்தில் ரெண்டு சின்ன மொட்டு மாதிரி சுரப்பிகள். காய்க்கு ஐந்து சிறகு. மில்லில் இருந்து பட்டையோடு ஒரு புறப்பலகையும் வாங்கி வந்திருந்தேன், பட்டையை அப்படியே வைத்து ஷெல்ஃப் பண்ணலாம் என்று. மாசிக் கடைசியில் அது மொத்தமாக ஒரே ஏடாகக் கழன்று கீழே விழுந்தது. பையன் அதைத் தூக்கிக்கொண்டு போய் முதலை பண்ணிவிட்டான். ஷெல்ஃப் அத்தோடு போச்சு.

சரி, ஒட்டுக்கு வருவோம்.

கதவைக் கழற்றி, மேல்சட்டத்துக்கு முட்டுக் கொடுத்து, நிலைக்காலைச் சுற்றிச் சிமெண்டை உடைத்தேன். கெட்ட பாகத்துக்கு மேல் ஒரு ஏழு செ.மீ. நல்ல மரத்தையும் சேர்த்து அறுப்பது என்று முடிவு. அதாவது ஒட்டு 35 செ.மீ. உயரத்தில் தொடங்கி, சரிவாக 65 வரை ஏறும். 30 செ.மீ. நீளச் சரிவு இருந்தால்தான் பாரத்துக்கும் உதைக்கும் தாங்கும். ரெண்டு முனையிலும் விரல் அரை அளவுக்கு நேர்வெட்டாக ஒரு மூக்கு, சறுக்காமல் இருக்க. வரைந்து வைத்துவிட்டு, அறுப்பதற்கு முன் பெரியவரை ஒருதரம் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு வாசலில் நின்றபடியே கேட்டார்:

“மாஷே, மழை எந்தப் பக்கம் பெய்யும்?”

நான் சரிவைத் தலைகீழாக வரைந்திருந்தேன். அதாவது கீழ்த்துண்டின் நாக்கு வெளிப்பக்கம் ஏறி நிற்கும்படி. அப்படி வைத்தால் வெளிமுகத்தில் வழியும் தண்ணீர் நேராக ஒட்டுக்குள் இறங்கும். மறுபடி அழுகும். மேல்துண்டின் நாக்குதான் வெளிப்பக்கமாக இறங்கி, கீழ்த்துண்டை மூட வேண்டும், ஓட்டின் மேல் ஓடு கவிகிற மாதிரி. கோட்டை அழித்து மாற்றி வரைந்தேன். இந்த ஒரு கேள்விக்காகவே அவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். வாங்கிக்கொண்டது டீயும் ரெண்டு பழம்பொரியும்.

நிற்கிற நிலையில் அறுப்பது சிரமம். ரம்பம் முழு வீச்சு போகச் சுவர் விடாது. முக்கால்வாசி உளியும் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியுமாகத்தான் போனது. ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கி மத்தியானம் சாப்பாட்டுக்குள் 11 செ.மீ. சரிவு. பிறகு புதுத்துண்டில் அதே சரிவை வெட்டி, சாக்பீஸ் தூள் தடவி, பொருத்தி, எடுத்து, எங்கே தூள் ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் சீவி, மறுபடி பொருத்தி... பதினான்கு தரம். கடைசியில் ஏ4 தாள் நுழையவில்லை. ஒரே ஒரு இடத்தில், உள்மூலையில், நுழைந்தது. விட்டுவிட்டேன்.

இதற்கு நடுவில் ஒரு சின்ன விபத்து. துண்டு நகராமல் இருக்கத் தற்காலிகமாக ஒரு பட்டியை வைத்துச் சாதாரண இரும்பு ஸ்க்ரூ நாலு முடுக்கினேன். எட்டாம் நம்பர் ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. துளை போட்டது போதவில்லை. ரெண்டாவது ஸ்க்ரூ தலை முறிந்து உடம்பு உள்ளே நின்றுவிட்டது. மூணே கால் மி.மீ. ட்ரில் போட்டு, ஸ்க்ரூவில் மெழுகு தேய்த்த பிறகு மிச்சம் ஒழுங்காக இறங்கின. அதோடு முடியவில்லை. ரெண்டு நாள் கழித்து யாரோ தரை துடைத்திருக்கிறார்கள், ஈரம் பட்டு ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் சுற்றி நாலணா அளவுக்கு நீலக்கறுப்பு. பேனா மசி கொட்டின மாதிரி. பழைய காலத்து மசியும் இப்படித்தான்: கடுக்காயில் இருக்கும் டானின் என்கிற துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். கடுக்காய் மரமும் கருமருதும் ஒரே குடும்பம், பட்டையைத் தோல் பதனிடவே பயன்படுத்துவார்கள். பெயிண்ட் கடையில் ஆக்ஸாலிக் ஆசிட் தூள் வாங்கி, ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் கரைத்துத் தூரிகையால் தடவினேன். அரைமணியில் கறை வெளுத்தது. பிறகு நல்ல தண்ணீரில் ரெண்டு தரம் துடைத்துக் காயவிட்டேன். அது விஷம், கையுறை கட்டாயம், சமையல் பாத்திரத்தில் கலக்கக் கூடாது. கறை போனது, முறிந்த ஸ்க்ரூ இன்னும் உள்ளே இருக்கிறது.

நிரந்தரப் பிடிப்புக்கு இரும்பே வேண்டாம் என்று முடிவானது அதனால்தான். மூங்கில் ஆணி. நல்ல முற்றின மூங்கிலின் அடிப்பாகத்தைச் சீவி 10 மி.மீ. கனத்தில் ரெண்டு. பெரியவர் சொன்ன உபாயம்: கீழ்த்துண்டின் துளை, மேல்துண்டின் துளையைவிட ஒன்றரை மி.மீ. இறங்கி இருக்க வேண்டும். கூரான ஆணியை அடிக்கும்போது அது ரெண்டு துளையையும் நேராக்கப் பார்க்கும், அப்போது கீழ்த்துண்டு தானாக மேலே ஏறி மூக்கோடு இறுகும். அடித்தபோது சத்தம் மாறியதைக் காதாலேயே கேட்டேன். கடைசி மூணு அடியில் ‘தொப்’ போய் ‘டங்’ வந்தது.

ஆணிக்கு முன் பசை. மரம் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் பசை உள்ளே இறங்காது, எனவே இழைத்த வழவழப்பை 80 நம்பர் உப்புத்தாளால் கெடுத்து, தின்னரால் துடைத்துவிட்டு, ரெண்டு பாகத்தைக் கலந்து போடும் எபாக்சி போட்டேன். நாள் பார்க்காததுதான் குற்றம். ஏப்ரல் 26 தேர்தல் டியூட்டி முடிந்து வந்த கையோடு, பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை விட்டிருந்த நேரத்தில், பட்டப்பகலில் கலக்கினேன். டப்பாவில் அரைமணி நிற்க வேண்டிய பசை பத்து நிமிஷத்தில் சூடேறி இறுகிவிட்டது, டப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு தட்டையான மூடியில் பரப்பி வைத்துக்கொண்டு செய்தேன். அப்படிச் செய்தால் சூடு சேராது.

பாதம்தான் இந்த வேலையில் நான் திருப்தியாகச் செய்த ஒரே பாகம். பழையபடி அடியில் கருங்கல் துண்டு ஒன்று, டைல்ஸுக்கு மேல் 3 செ.மீ. தெரியும்படி. அதற்காகப் புதுத்துண்டில் அடியை அந்த அளவு குறைத்தேன். மரத்தின் அடிமுகத்துக்கு எபாக்சி ரெண்டு கோட். சுவரைத் தொடும் பின்பக்கத்துக்கு அண்டி எண்ணெய், அதாவது முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய். இந்தப் பக்கம் கூரைக் கழிகளுக்கு அடிக்கும் பழைய மருந்து. மணிக்கட்டில் ஒரு சொட்டுப் பட்டது, கொப்புளம் ஆற ரெண்டு வாரம். முன்பக்கத்துக்கு லின்சீடு ஆயில் மூணு கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ரெண்டு நாள். கல்லைச் சுற்றிச் சிமெண்டை வாசல் பக்கம் சரிவாக இழுத்தேன். அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை மூலையில் ஊற்றிச் சோதித்தார். ஓடிவிட்டது.

வைகாசியில் கதவு மாட்டினோம். ஒட்டின் கோடு தெரிகிறது. பழைய மரம் புகை ஏறிக் கறுத்தது, புதியது சாக்லேட் நிறம். மறைக்கப் பார்க்கவில்லை.

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, வந்து ஒரு மாதம் ஆகிறது. நேற்று பெரியவர் அந்த வழியே போனவர் உள்ளே வந்து, குடையை மடக்கிவிட்டு, கோட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். உள்மூலையில், ஏ4 தாள் நுழைந்த அதே இடத்தில், நகம் நின்றது. என்னைப் பார்த்தார். “தெரியுமுங்க ஐயா” என்றேன். கதவு கீழ்மூலையில் லேசாக உரசுகிறது என்று சொல்லி இழைப்புளியை எடுத்தேன்.

“மழையில ஊதியிருக்குது. தை மாசம் வரைக்கும் அதத் தொடாதீங்க மாஷே” என்றார்.

இழைப்புளி திரும்ப அலமாரிக்குள் போய்விட்டது. கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்துகிறோம்.